ஏழாம் நம்பர் அறையில் இரண்டு பேர்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபது. ராமேஸ்வரத்து லாட்ஜில் என் மகன் முகம் வெளுத்து வந்து நின்றான்.

“விடிஞ்சதும் கடலுக்குக் குளிக்கப் போன ஏழாம் நம்பர்க்காரங்க இன்னும் வரலைம்மா.”

வக்கீல் படிப்பு வேண்டாமென்று அவன் ஓட்டல் மேனேஜர் வேலைக்குப் போனதை இந்தப் பத்தியில் முன்பே புலம்பியிருக்கிறேன். இந்த லாட்ஜில் இது அவனுக்கு முதல் வாரம். பார்த்துவிட்டு வரப் போயிருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அறை கேட்டிருக்கிறார். “ரெண்டு பேரு தம்பி. நானும் வீட்டுக்காரி சிவகாமியும். அவ களைச்சுப் போயிருக்கா.” வந்தவரை நிறுத்திக் கேள்வி கேட்காதே — முன்பு வேலை பழகிய மதுரை ஓட்டலில் இவன் கற்ற முதல் பாடம். அந்தம்மா வெளியே ஜட்கா வண்டியில் இருப்பார் என்று நினைத்து, பதிவேட்டில் இரண்டு பேர் என்று எழுதிவிட்டான்.

ஏழாம் நம்பர் அறைக்குப் போனோம். இரண்டு பாய்கள். ஒன்றின் மேல் புதுச்சேலை, ஒரு முழம் மல்லிகை. பக்கத்தில் இரண்டு காபி டம்ளர்கள். ஒன்று காலி. மற்றது... ஆடை படர்ந்து, தொடாமல்.

“நான் எந்தப் பொம்பளையையும் பாக்கலையே, டீச்சரம்மா!” என்றார் சமையல்காரர்.

கரைக்கு ஓடினோம். கடல் தகடு போல அசையாமல் கிடந்தது. படகுக்காரர் ஒருவர் சொன்னார்:

“ஒத்தையாத்தான் போனாரு. ஆனா பேசிக்கிட்டே போனாரு. ‘பாத்து வா, பாறை வழுக்கும்’னாரு. பின்னால பாத்தேன்... யாருமில்ல.”

பட்டப்பகல். கரை நெடுகத் தேடியும் ஆளைக் காணோம்.

அந்தம்மா கடலோடு போயிருந்தால்? போலீஸ் யாரை முதலில் கேட்கும்?

“நான் அவங்களைப் பார்க்கவே இல்லைம்மா. பார்த்த மாதிரி கையெழுத்துப் போட்டுட்டேன்!”

மேனேஜர் என்றால் சாவிக்கொத்து என்று நினைத்திருந்தேன். முகம் தெரியாத உயிர்களுக்கும் ஜாமீன் நிற்கிற வேலையா இது? பிள்ளைகளை ஏதேதோ வேலைக்கு அனுப்புகிறோம்... அந்த வேலை என்னவென்று நமக்குத் தெரிவதே இல்லை.

லாட்ஜுக்குத் திரும்பி, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமென்று மகன் வாசலில் செருப்பை மாட்டினான். பதினொன்றரை மணி. எதிரே பெரியவர் வந்தார். தனியாக. மார்பு வரை நனைந்து, கையில் ஒரு சிவப்புத் துணியோடு.

“அய்யா... உங்க சம்சாரம் எங்க?”

“இந்தத் துணியில கட்டிக் கொண்டாந்த அவ அஸ்திக் கலயத்தை நாலு தடவை தண்ணியில விட்டேன் தம்பி. நாலு தடவையும் கரைக்கே திரும்பி வந்துருச்சு. சிவகாமிக்குக் கடல்னா பயம்... அதான், கூடவே நடந்து போயி விட்டுட்டு வாரேன்.”