கடைசிப் பந்தியில் என் மகள்

என் மகள் மாலதி கடைசியாக ஆசையோடு, வயிறாரச் சாப்பிட்டது எந்த நாள்? எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. இங்கிலாந்தில் அவள் படிக்கும் பள்ளியின் நர்ஸ் என்னை நேரில் வரச்சொல்லி, அவள் பள்ளிச் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை என்றார். "வெள்ளிக்கிழமை விரதம் இருப்பாள்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. நான் பிள்ளையைப் பட்டினி போடுவதாக நினைத்தாரோ என்னவோ, முகம் மாறிவிட்டது. "மற்ற நாட்களில்?" என்றார். "எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவாள். எங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கம் அது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். "அப்படியானால் அவள் சாப்பிடுவதை யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் என் மனசு பெரம்பலூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குன்னத்துக்குப் போய்விட்டது. பள்ளி விடுமுறைக்கு, ஆடி மாதம், அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். களம் நிறையச் சின்ன வெங்காயம். புழுதிக் காற்றோடு அதன் காரமும் சேர்ந்து கண்ணில் ஏறும். அந்த வெயிலிலும் மாலதி ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. "ஏன்டி, இங்க என்னா பனியா கொட்டுது?" என்றாள் அக்கா. "குளுருது பெரியம்மா." குளிர் நாட்டுப் பிள்ளைக்கு வெயிலிலும் குளிர்கிறதே என்று கேலி செய்தோம். வெங்காயத் தாள் அரிய வந்த பெண்களுக்கும் அவளே பரிமாறினாள். போதும் என்று கையை மறித்தாலும் இன்னொரு கரண்டி வைப்பாள். "சீமையில வளந்தாலும் புள்ளைய எப்படி வளத்திருக்காங்க பாரு" என்று அவர்கள் மெச்சியபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. கிளம்பும் நாளில் அக்கா சொன்னாள்: "உம் பொண்ணு வந்தாலும் வந்தா, எங்க வூட்டு நாய்க்குட்டி கன்னுக்குட்டி ஆயிப்போச்சுடி!" வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த நாய்க்குட்டி தின்றது யாருடைய சோறு என்று இந்த ஊர் பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது.

அன்று மாலை மாலதியை முதல் ஆளாக உட்காரவைத்தேன். "நீங்கள்லாம் சாப்பிடுங்கம்மா, நான் அப்புறம்" என்றாள். விடவில்லை. சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். "பயமா இருக்கும்மா. குண்டாயிடுவேன்." ஸ்வெட்டரோடு சேர்த்து அணைத்தபோது எலும்புதான் கையில் தட்டியது. தலை வாரினால் முடி கொத்தாக வருவதையும், மாத விலக்கு நின்றுபோனதையும் குளிரின் வேலை என்றே நினைத்திருந்தேன். "வயசுக் கோளாறுதான். ஆஸ்பத்திரின்னு போனா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார் என் கணவர். ஊர் பேசட்டும் என்று மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். நாடித் துடிப்பு மெதுவாக இருக்கிறது என்று அவர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இது அடமல்ல, உடம்பையும் மனசையும் சேர்ந்து பிடிக்கும் நோய், மயங்கி விழும்வரை காத்திருக்கக் கூடாது என்றார்கள் அங்கே.

அக்காவுக்கு டிரங்கால் போட்டேன். "ஆஸ்பத்திரி எதுக்குடி? எங்கிட்ட அனுப்பு. மடியில வச்சு ஊட்டுறேன்." இரைச்சலுக்கு நடுவே வந்த அந்தக் குரலைக் கேட்டதும், நானே ஓடிப்போய் அந்த மடியில் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. "இல்லக்கா, இது டாக்டருங்க பாக்க வேண்டியது" என்று சொல்லி வைத்துவிட்டேன். சரியாகத்தான் சொன்னேனா?

இப்போது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தே சாப்பிடுகிறோம். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எடை இன்னும் ஏறவில்லை. சாப்பாட்டைப் பற்றி ஓயாமல் விசாரிக்காதீர்கள், வேறு ஏதாவது பேசுங்கள் என்கிறார்கள். பெரம்பலூர்ப் பக்கம் வாசலில் நின்றாலும், பஸ்ஸில் பார்த்தாலும், "சாப்டியா?" என்றுதானே நாம் பிரியத்தைச் சொல்கிறோம்? சாயங்காலம் மாலதி வந்து மணி அடிக்கிறாள். கதவைத் திறக்கிறேன். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. இப்படி ஒரு பிள்ளையை மீட்டெடுத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அந்த வாசலில் நின்று அவளிடம் நான் வேறு என்ன கேட்கட்டும்?