வயிற்றுக்கட்டி என்று சொல்லிவிட்டார்கள்

அம்மா எதனால் இறந்தாள் என்று கோயமுத்தூர் டாக்டர் கேட்டபோது எனக்கு நாற்பத்தேழு வயது. "வயித்துக்கட்டிங்க" என்றேன். வயிற்றில் எந்த இடத்தில் என்று கேட்டார். தெரியவில்லை. அம்மாவின் கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்றார். அதுவும் தெரியவில்லை. நான் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். ஒரு டி-ஷர்ட்டைக் காட்டினால் அதன் நூல் எந்த மில்லில் வாங்கியது, சாயம் எங்கே போட்டது என்று சொல்லிவிடுவேன். என்னைப் பெற்றவளின் நோய்க்குப் பெயர் தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வந்தது சினைப்பைப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஒரு வருடமும் வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது. அடிக்கடி பாத்ரூமுக்கு எழுந்து ஓடுவேன். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். ஒருவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "மாதவிடாய் நிக்கற வயசுங்க, இப்படித்தான் இருக்கும்" என்றார். கம்பெனியில் பெண்களுக்கு இலவசப் புற்றுநோய் முகாம் வைத்தார்கள். கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்து எல்லாம் நார்மல் என்றார்கள். அந்தச் சோதனையில் சினைப்பையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நானும், என்னோடு வரிசையில் நின்ற தையல் லைன் பெண்களும், அடிவயிறு மொத்தத்துக்கும் சான்றிதழ் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். டாக்டர் நல்லவர், ஆனால் அவர் அறைக்கு வெளியே ஒரு கல்யாணக் கூட்டம் எப்போதும் காத்திருக்கும். நர்ஸ் "கூகுள்ல படிக்காதீங்கக்கா, பயந்துக்குவீங்க" என்றாள். சரி, வேறு எதைப் படிப்பது என்று கேட்டேன். அவளிடம் கொடுக்கத் தமிழில் ஒரு துண்டுத்தாள் இல்லை. போனில் தமிழாக்கி வாசித்தேன். மருந்து ட்ரையல் என்பதை விசாரணை என்று போட்டிருந்தது. நாங்கள் என்னவோ கோர்ட்டில் நிற்பவர்கள் மாதிரி. புது மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டவர்கள் 'முன்னேற்றமில்லாமல் உயிர்வாழ்ந்தார்கள்' என்றிருந்தது. முன்னேற்றமே இல்லையென்றால் எதற்கு அந்த மாத்திரை என்று ஒரு நாள் முழுக்க அழுதேன். பிறகு ஆங்கிலத்திலேயே மெதுவாக வாசித்தபோது தெரிந்தது: முன்னேறாமல் இருந்தது நோய். நல்ல செய்தியை எனக்குக் கெட்ட செய்தியாக வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். எனக்காவது வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதிப் பழகிய ஆங்கிலம் இருந்தது. அது இல்லாதவளுக்கு வாட்ஸ்அப்தான் கதி. அங்கே கீமோவை நிறுத்திவிட்டு ஜூஸ் குடிக்கச் சொல்கிறவன் தெளிவான, அழகான தமிழில் சொல்கிறான்.

ரத்தச் சோதனையில், மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரவைக்கிற, பரம்பரையாக வருகிற ஒரு மரபணு மாற்றம் எனக்கு இருப்பது தெரிந்தது. "இதனால அந்தப் புது மாத்திரை உங்களுக்கு நல்லா வேலை செய்ய வாய்ப்பிருக்கு" என்றார் டாக்டர். "ஆனா உங்க கூடப் பிறந்தவங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும். ஆண்களும்தான்."

என் மகனிடம் அன்றே சொல்லிவிட்டேன். எனக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன். காதர்பேட்டையில் பனியன் மொத்தக்கடை வைத்திருக்கிறார். மொட்டைத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். வடக்கிலிருந்து வந்த ஒரு வியாபாரி சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீங்களும் ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாத்துருங்க" என்றேன்.

"பொம்பளை வியாதி எனக்கெப்படி அம்மணி வரும்?"

"உங்களுக்கு அது இருந்தா பாப்பாவுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டுங்க."

பாப்பா என்றது அவர் மகளை. கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். மூலனூர்ப் பக்கத்தில் ஒரு குடும்பத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த வியாபாரிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இருந்தாலும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"தை மாசம் கண்ணாலம். அது முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்."

"பொறவுன்னா எப்பங்க?"

"ஒரு கொழந்தை ஆகட்டும். யாருகிட்டயும் வாயைத் தொறந்துபோடாதே."

அந்த வாரமே அண்ணனின் மனைவி, என் நங்கை, அரிசிம்பருப்புச் சோறு செய்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அத்தைக்கு வந்ததும் இதேதான் அம்மணி" என்றார்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நங்கை புதுப்பெண். கூட இருந்து பார்த்துக்கொண்டது அவர்தான். அவர் எதிரிலேயே டாக்டர் என் அப்பாவிடமும் அண்ணனிடமும் சொல்லியிருக்கிறார்: இது சினைப்பையில் வந்தது, வீட்டில் பெண் இருந்தால் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு மறக்காமல் காட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

"அப்ப உனக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருந்தாங்க. வெளிய தெரிஞ்சா ஆரும் கட்டமாட்டாங்கன்னு உங்கப்பா என்கிட்டச் சத்தியம் வாங்குனாரு."

"நங்கை, எனக்குக் கண்ணாலமாயி இருவத்தஞ்சு வருசமாச்சுங்க."

"சொல்லோணும்னு நெனைப்பேன் அம்மணி. வாய் வராது."

கையைக் கழுவிவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். தெரியுமா என்று மட்டும் கேட்டேன். "உன்ற நல்லதுக்குத்தான் அம்மணி" என்றார். நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. வயிறு உப்பி டாக்டர் டாக்டராக நான் அலைந்த வருடத்தில் இவர் எத்தனையோ தடவை என் வீட்டுக்கு வந்திருக்கிறார். என் வயிற்றைப் பார்த்திருக்கிறார். சோடா வாங்கிக் கொடுத்தார்.

என் கணவரிடம் கேட்டேன்: "அப்பவே தெரிஞ்சிருந்தா என்னையக் கட்டியிருப்பீங்களா?" யோசித்துவிட்டு, "எங்கம்மா உட்டுருக்கமாட்டாங்க" என்றார். பொய் சொல்லவில்லை. அப்பா போட்ட கணக்கு சரிதான். அதில் என் உயிர் சேர்த்தியில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் போய் அண்ணன் மகளை ஒரு ஓட்டலில் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். காபி அப்படியே இருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் கண்ணு."

"அம்மாவுக்கு?"

"தெரியும்."

"கண்ணாலத்தை வெச்சுக்கிட்டு இப்ப வந்து சொல்றீங்களே அத்தை" என்று எழுந்துவிட்டாள். எனக்கே இப்போதுதான் தெரியும் என்றதை அவள் காதில் வாங்கவில்லை. போய்விட்டாள். நான் இரண்டு காபிக்கும் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அவள் டெஸ்ட் எடுத்தாள், யாரிடமும் கேட்காமல். அவளுக்கும் இருந்தது. டெஸ்ட்டைத் தள்ளிப்போட்ட அவள் அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்; நங்கை வழியில் இந்த நோய் வந்தவர்கள் யாரும் இல்லை. மாப்பிள்ளையிடம் அவளே சொன்னாள். அவன் யோசிக்க நேரம் கேட்டான். பிறகு அவன் வீட்டார், ஜாதகத்தை இன்னொரு இடத்தில் பார்த்தோம், சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நோயின் பெயரைச் சொல்ல அவர்களுக்கும் வாய் வரவில்லை.

அண்ணன் போனில், "உன்ற வாயால என்ற புள்ளை வாழ்க்கை போச்சு" என்றார். அதுதான் கடைசி. இப்போது கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் வேறு வரிசையில் போய் உட்காருகிறார். உட்காரட்டும். கோபப்படக்கூடாது, உடம்புக்கு ஆகாது என்று எல்லாரும் எனக்குச் சொல்கிறார்கள். அவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.

அவளும் என்னோடு பேசவில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று வாசித்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் கூப்பிட்டாள்.

"அத்தை, கொழந்தை பெத்ததுக்குப் பொறவு சினைப்பையை முன்கூட்டியே எடுத்துரலாம்னு போட்டிருக்குது. நெசந்தானா? அதுவரைக்கும் என்ன பண்றது?"

நான் படித்ததைச் சொன்னேன். இதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க நம்பகமான சோதனை இன்னும் வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை. மீதியை டாக்டரிடம் கேட்கலாம் என்றேன்.

இருவரும் போனோம். நான் பேச வாயெடுத்தபோது, "இருங்க அத்தை" என்று அவளே கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வாங்காமல் அடுத்ததற்குப் போகவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்த நர்ஸை டாக்டர் கையால் தடுத்தார். மார்புக்கு எந்த வயதிலிருந்து ஸ்கேன், எப்போது திரும்ப வர வேண்டும் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"பசிக்குதுங்க அத்தை" என்றாள். எதிரே இருந்த கடையில் ஆளுக்கு ஒரு ரோஸ்ட் சாப்பிட்டோம். "தம்பிகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றாள். அண்ணனுக்கு ஒரு மகனும் இருக்கிறான்.