பன்னிரண்டாவது துண்டு

எங்கள் வீட்டில் செய்யும் விளக்குகள் ஒரே கட்டையில் குடைந்தவை அல்ல. பன்னிரண்டு சின்ன மரத்துண்டுகளை வட்டமாக ஒட்டினால் ஒரு வளையம். அப்படிப் பத்து வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, உளியைக் காட்டினால் குடம்போல உருண்டு வரும். ஒளி கசியும் அளவுக்கு உள்ளே குடைந்து பல்பு வைத்தால் விளக்கு.

மரச்சாமான் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் என் வீட்டுக்காரருக்கு இதுதான் பொழுது. அறுப்பதும் கடைவதும் அவர். ஒட்டுவது நான். ஆறாவது வரை படித்தவள், நாலு பேர் முன்னால் பேச வாய் வராதவள். ஒட்டும் வேலையில் பேச வேண்டியதில்லை.

போன வருஷம் எங்கள் மகள் சிம்பாங் அம்பாட்டில் புது வீடு புகுந்தாள். அவளுக்கு ஒரு விளக்கு செய்ய ஆரம்பித்தார். ஐந்தாவது வளையத்தை நான் ஒட்டும்போது பன்னிரண்டாவது துண்டு சேரவில்லை. நகக்கனம் இடைவெளி. ரம்பத்தைப் பதினைந்து டிகிரி கோட்டில் வைத்து அறுக்க வேண்டும். அதில் முடியளவு தவறினாலும் ஒவ்வொரு துண்டிலும் சேர்ந்து சேர்ந்து கடைசித் துண்டில் வந்து நிற்கும்.

கோடு அவருக்குச் சரியாகத் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. சில மாதங்களாகத் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு, கோப்பை சின்னது என்பார். தொழிற்சாலையில் மற்றவர்கள் அறுத்ததைச் சரிபார்க்க இவரைத்தான் கூப்பிடுவார்களாம். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? மரத்தூளைப் பசையில் குழைத்து இடைவெளியை அடைத்து, தேய்த்து வழவழப்பாக்கிவிட்டேன்.

தூள் மரமாகாது. உள்ளே குடைந்து விளக்கின் சுவர் மெலிந்ததும் சுற்றுகிற வேகத்தில் துண்டு தெறிக்கலாம். அது தெரிந்தும் இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து வளையங்களும் இயந்திரத்தில் ஏறின. வெளிப்பக்கம் நன்றாகவே வந்தது. பிறகு உள்ளே குடைய ஆரம்பித்தார். பார்வை எட்டாமல் முகத்தை மரத்துக்கு மிக அருகில் கொண்டுபோனார். கொட்டகை வாசலில் நின்ற நான் போய்ச் சிவப்பு விசையை அமுக்கினேன். அந்த இயந்திரத்தை அதுவரை நான் தொட்டதே இல்லை.

"என்ன, கரண்ட் போச்சா?" என்றார்.

"நான்தான் நிறுத்துனேன். அஞ்சாவது வளையத்துல தூளு வச்சி அடைச்சிருக்கேன். கடையாதீங்க."

அவர் தடவித் தேடினார். அகப்படவில்லை. அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். நகத்தால் இரண்டு முறை கீறிப் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் லா."

"சொன்னா, ஒங்க கண்ணு சரியில்லன்னு சொன்ன மாதிரி ஆயிரும்."

"சரியில்லதான். நீ வேற அதப் பூசி மறைச்சிட்ட."

ரொம்ப நேரம் உளியையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே சொன்னார். ரோட்டில் நெரிசல் தாங்கவில்லை என்று சொல்லிச் சில மாதங்களாக அவர் காரை எடுக்காமல் விட்டது நெரிசலுக்காக இல்லையாம். எதிரே வரும் வண்டி இரண்டாகத் தெரிகிறதாம். நானும் நெரிசல் என்றே நம்பியிருந்தேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறிக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எவ்வளவு நாளாக இப்படி என்று தாதி மலாயில் கேட்டாள். அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, இப்போதுதான், ஒரு வாரமாக என்றார்.

"ஆறு மாசமா," என்றேன் நான், மலாயிலேயே, பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி.