ஆமென் சொல்லும் வரை கதவு திறக்காது

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே ஆயாம்மா, முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள். இரண்டாவது பெயரும் அவள் காதுக்கு எட்டாமல் இல்லை. "பூட்டுன்னு வெக்காம விட்டாங்களே, அது வரைக்கும் புண்ணியம்" என்பாள். பிள்ளைகளைத் திட்டுவாள், துரத்துவாள், மூக்கைச் சிந்திவிடுவாள். ஆனால் தெருவைப் பார்த்த அந்த இரும்புக் கதவை அவள் கையைத் தவிர வேறு கை திறந்ததில்லை.

பள்ளிக்கூடம் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். தேவாலயத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை, அதை ஒட்டிச் சமையலறை, ஒரு குழாயடி, சுற்றிலும் ஆள் உயர மதில், அவ்வளவுதான். குப்பை பொறுக்குகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், அதுவும் கிடைக்காதவர்கள் வீட்டுப் பிள்ளைகள் காலையில் வருவார்கள். குளிக்க வைத்து, எழுத்துச் சொல்லிக் கொடுத்து, மத்தியானம் வயிறு நிறையப் போட்டு, சாயங்காலம் அனுப்புவார்கள். கன்னியாஸ்திரீகள் பலர் வந்து போனார்கள். இப்போது ஒரே ஒரு சிஸ்டர், ஒரு சின்னஞ்சிறு டீச்சர், பிறகு தாழ்ப்பாள்.

தாழ்ப்பாள் சின்ன வயதில் இப்படிப்பட்ட இடம் எதையும் பார்த்ததில்லை. "நம்ம வீடு மாதிரி இருக்கும்" என்று சொல்லித்தான் அவளை ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டில் அவள் படுத்த இடம் மாடிப்படிக்கு அடியில். அதற்கு மேல் அவள் சொல்வதில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

சாயங்காலம் பிள்ளைகள் கிளம்பும் முன் அங்கே ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ இருந்த ஒரு மதர் ஏற்படுத்தி வைத்தது. எல்லோரும் வட்டமாக நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் அன்றைக்குக் கிடைத்த ஒன்றுக்காக நன்றி சொல்ல வேண்டும். கடைசிப் பிள்ளை சொன்ன பிறகு எல்லோரும் சேர்ந்து ஆமென். ஒருத்தர் பாக்கி என்றாலும் கதவு திறக்காது. தாழ்ப்பாளுக்கு இந்த வழக்கத்தின் மேல் அத்தனை பிரியம் கிடையாது. "கடவுளுக்குக் காது நல்லாத்தான் கேக்கும். எனக்குத்தான் கால் வலிக்குது" என்று முணுமுணுப்பாள்.

அன்றைக்கு சிஸ்டர் டவுனுக்குப் போயிருந்தார். சாயங்கால பஸ்ஸில்தான் திரும்புவார். வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். தாழ்ப்பாள் கம்பி இடைவெளியில் பார்த்தாள். மிளகின் அப்பா. மர அறுவை மில்லில் வேலை பார்த்தவன். ரம்பம் விரல்களைக் கொண்டுபோன பிறகு, கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடந்தான். மிளகு என்பது அவன் மகள். ஆள் அத்தனை சிறிசு, நிறமும் அப்படி. அதனால் அந்தப் பெயர்.

அவன் பக்கத்தில் ஒரு நடுவயதுப் பெண் நின்றிருந்தாள். பல் தெரியாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. தெருவில் அவளைச் சிரிப்புக்காரி என்பார்கள். அவள் வந்து போன வீடுகளில் ஒரு தட்டு குறைந்திருக்கும். அந்த வீட்டுப் பெண் வேலைக்குப் போய்விட்டாள் என்பார்கள். போன பெண் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. சற்றுத் தள்ளி ஒரு வேன், எஞ்சினை நிறுத்தாமல் நின்றது.

"பாப்பாவை அனுப்புங்கக்கா. ஊருக்குப் போறா" என்றான் அப்பன்.

"எந்த ஊருக்கு தம்பி?"

அவன் திரும்பிச் சிரிப்புக்காரியின் முகத்தைப் பார்த்தான். பெற்ற மகள் போகிற ஊரையே அடுத்தவள் வாயிலிருந்துதான் அவன் எடுக்க வேண்டியிருந்தது.

"நல்ல இடம்மா" என்றாள் அவள். "டாக்டர் வீடு. கைக்குழந்தையைத் தூக்கி வெச்சுக்கணும், வேற வேலையே இல்ல. அங்கேயே படிக்கவும் வெப்பாங்க."

"டாக்டர் வீட்டுல ஒரு குழந்தையைத் தூக்க ஒரு இடுப்பு கூடவா இல்ல?"

"உன்கிட்ட யாரும் யோசனை கேக்கல. பெத்தவன் கேக்கறான், திற."

அங்கேதான் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டாள். சிஸ்டர் பல முறை சொல்லியிருக்கிறார்: "பெத்தவங்க வந்து கேட்டா நாம தடுக்க முடியாது ஆயாம்மா. என்னைக் கூப்பிடுங்க, நான் பேசிப் பாக்கறேன்." சிஸ்டர் பேசினால் கல்லும் கொஞ்சம் நகரும். தாழ்ப்பாள் பேசினால் மண்ணும் கல்லாகிவிடும். அது அவளுக்கே தெரியும். சண்டை போட்டால் அப்பன் ரோஷத்துக்காகவே மகளை இழுத்துக்கொண்டு போவான். பஸ் வரும் வரைக்கும் நேரத்தை இழுக்க வேண்டும், வேறு வழியில்லை.

"ஜெபம் ஆரம்பிச்சாச்சு தம்பி. முடியாம யாரையும் அனுப்பறதில்ல. நீ உள்ள வந்து நில்லு" என்று கதவை ஒருவன் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தாள். அவன் நுழைந்ததும், பின்னாலேயே வந்த சிரிப்புக்காரியின் மூக்குக்கு முன்னால் சாத்தினாள். "நீங்க அங்கேயே இருங்க தாயே. உள்ள இடம் பத்தாது."

ஜெபம் ஆரம்பிக்கவே இல்லை. டீச்சர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் ஓடிப் போய் மணியை அடித்துவிட்டு அவள் காதில் இரண்டே வார்த்தை சொன்னாள். டீச்சரின் முகம் வெளிறியது.

"ஐயோ, ஜெபத்தை வெச்சு விளையாடலாமா ஆயாம்மா?"

"யாரு விளையாடச் சொன்னா? நிஜமாவே ஜெபம் பண்ணுங்க. கொஞ்சம் நீளமாப் பண்ணுங்க, அவ்வளவுதான்."

பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். தாழ்ப்பாள் மிளகைத் தோளைப் பிடித்து நகர்த்தி வட்டத்தின் கடைசியில் நிறுத்தினாள். ஏன் என்று மிளகு கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்காருகிறவள். கதவடியில் நடந்த பேச்சு அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது. அப்பன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அறை வாசலில் நின்றான்.

டீச்சர் சொன்னாள்: "இன்னிக்கு என்னவெல்லாம் கிடைச்சதுன்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணையும் விட்டுடக் கூடாது."

பிள்ளைகளுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. ஆனால் பெரியவர்களின் முகத்தைப் படிக்காத ஏழை வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறது? முதல் பையன் பென்சிலுக்கு நன்றி சொன்னான். அதன் முனைக்கு நன்றி. பின்னால் ஒட்டியிருக்கும் ரப்பருக்கு நன்றி. சீவினால் சுருள் சுருளாக வருகிறதே, அதற்கும் நன்றி. அடுத்தவள் சமையலறையில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தையும் மூடியோடு கடவுளுக்கு அறிமுகப்படுத்தினாள். இன்னொருவன், "ஆயாம்மா இன்னிக்கு என்னை ஒரு தடவைதான் அடிச்சாங்க, அதுக்கு நன்றி" என்றான். வேறு நாளாக இருந்தால் இரண்டாவது அடி அங்கேயே விழுந்திருக்கும்.

வெளியே ஹார்ன் அடித்தது. தாழ்ப்பாள் கதவுக்கும் அறைக்கும் நடுவில் நின்றாள். ஒரு காது வட்டத்தில், ஒரு காது பஸ் சத்தத்தில். தெருவில் ஏதேதோ வண்டிகள் போயின, பஸ் மட்டும் வரவில்லை.

நன்றிகள் ஒவ்வொன்றாய்த் தீர்ந்துகொண்டே வந்தன. எத்தனை இழுத்தாலும் வட்டத்துக்கு முடிவு உண்டல்லவா? மிளகின் முறை வந்தது.

மிளகு வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் மெல்ல, "சொல்லும்மா" என்றாள். மிளகு கண்ணை இன்னும் இறுக்கினாள். அறைக்குள் கூரைத் தகரம் வெயிலில் சடசடப்பது மட்டும் கேட்டது. தாழ்ப்பாள் இதை எதிர்பார்க்கவில்லை. தான் பூட்டிய கதவுக்குப் பின்னால் இந்தச் சுண்டைக்காய் இன்னொரு கதவைப் பூட்டிக்கொண்டு நிற்கிறதே!

"சொல்லு பாப்பா, நேரமாகுது" என்றான் அப்பன். "சோறு போட்டாங்கல்ல? அதையாவது சொல்லு."

அவன் கட்டுப் போடாத கையை நீட்டிக்கொண்டு உள்ளே ஓர் அடி வைத்தான். தொட்டு இழுத்தால் முடிந்தது கதை. தடுக்க அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. அப்போது வட்டத்திலேயே குட்டியான பெண், கண்ணைத் திறக்காமலே, "ஜெபத்துல நடக்கக் கூடாது மாமா" என்றது.

அவன் வைத்த அடியைப் பின்னால் எடுத்தான்.

சிரிப்புக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. இரும்புக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். "வர்றியா இல்லையாய்யா? மத்த பிள்ளைங்களோட வண்டி நிக்குது!"

அப்பன் தலையைத் தூக்கினான். "மத்த பிள்ளைங்களா?" என்று தாழ்ப்பாளிடம் தணிந்த குரலில் கேட்டான். "வண்டில டாக்டர் வீட்டம்மா மட்டும்தான் இருக்காங்கன்னுதானே சொன்னா?"

தாழ்ப்பாளின் நாக்கு நுனியில் நூறு வசவு வந்து நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தனையையும் விழுங்கினாள். "எனக்குத் தெரியாது தம்பி. நீயே போய்ப் பாரு" என்று மட்டும் சொல்லி, கதவைத் திறந்து விட்டாள்.

அவன் வேன் வரைக்கும் போனான். ஜன்னல் திரையை விலக்கினான். உள்ளே மிளகைப் போலவே சிறிசுகள், மடியில் துணிப்பையோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. ஒன்று கூட அவனைப் பார்க்கவில்லை.

"இத்தனை பேரும் எந்த டாக்டர் வீட்டுக்கு?" என்றான்.

"போனா தெரியும். பிள்ளையைக் கொண்டா."

"நாளைக்குப் பாக்கலாம்."

அப்போதுதான் அவள் பல்லை மூடியதை அந்தத் தெரு பார்த்தது. "அந்தக் கையை வெச்சுக்கிட்டு வீட்டுல இருக்கிற வயிறையெல்லாம் நீ எப்படி ரொப்பறன்னு நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவன் திரும்பி வந்து குழாயடித் திட்டில் உட்கார்ந்துகொண்டான். கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிஸ்டர் வந்தபோது பிள்ளைகள் இன்னும் வட்டமாகத்தான் நின்றார்கள். ஒன்றிரண்டு காலைப் பின்னிக்கொண்டு தவித்தன. விஷயத்தைக் கேட்ட சிஸ்டர் மிளகின் முன் மண்டியிட்டு, "வண்டி போயிடுச்சுடா கண்ணு. இப்ப சொல்லு, எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும்" என்றார்.

"சொல்ல மாட்டேன் சிஸ்டர்" என்றாள் மிளகு. "அந்த வண்டில பக்கத்து வீட்டு அக்கா இருக்கா. ஜெபத்துக்கு முன்னாடி கதவுக் கம்பி வழியாப் பாத்தேன், திரையை விலக்கி எட்டிப் பாத்தா."

தாழ்ப்பாளுக்கு யாரோ முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் ஒரு கதவைக் காத்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம், கூப்பிடு தூரத்தில் அத்தனை பிள்ளைகள் வேனுக்குள் இருந்திருக்கிறார்கள். மத்த பிள்ளைங்க என்று காதில் விழுந்த பிறகும், கதவை விட்டு நாலு எட்டு வைத்து எட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

சிஸ்டர் போலீசுக்கு போன் போட ஓடினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர்கள், வண்டி எந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பெண் எங்கே குடியிருக்கிறாள் என்று கேட்டார்கள். யாருக்குத் தெரியும்? தாழ்ப்பாள் நேரே குழாயடிக்குப் போனாள்.

"அவ வீடு உனக்குத் தெரியும் தம்பி."

"நான் போய்ச் சொன்னா, நீ ஏன்டா பிள்ளையைக் கொடுக்கப் போனேன்னுதான் முதல்ல கேப்பாங்கக்கா."

"கேக்கட்டும். கேக்கறதுல என்ன தப்பு? எழுந்திரு."

அவன் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம் அந்தச் சாயங்காலத்தின் மற்ற எல்லா நேரத்தையும் விட நீளமாக இருந்தது. ஆனாலும் எழுந்தான். சிஸ்டரோடு ஸ்டேஷனுக்குப் போனான். அன்றைக்கு ஆமென் இல்லாமலே தாழ்ப்பாள் கதவைத் திறந்து பிள்ளைகளை அனுப்பினாள். ஸ்டேஷனில் அவனை என்னவெல்லாம் கேட்டார்களோ, திரும்பி வந்தபோது தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவளோடு இன்னும் சிலரும் சில நாளில் திரும்பி வந்தார்கள். எல்லோரும் வரவில்லை, வராதவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. மிளகை சிஸ்டர் பள்ளியிலேயே தங்க வைத்துக்கொண்டார். "கை ஆறுற வரைக்கும்தான்" என்றான் அப்பன். கை எப்போதோ ஆறிவிட்டது, மிளகு இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவன் வாரம் தவறாமல் வந்து பார்க்கிறான். தாழ்ப்பாளிடம் மட்டும் பேசுவதில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவள் இப்போது கதவடியில் உட்காருவதும் இல்லை. பிள்ளைகள் ஜெபத்துக்கு நின்றதும் வெளிப்பக்கம் பூட்டிவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுகிறாள். "உங்க வேலை வாசல்ல தானே ஆயாம்மா?" என்று சிஸ்டர் கேட்டுப் பார்த்தார். "வாசல் அங்க வரைக்கும் போயிடுச்சு சிஸ்டர்" என்றாளாம்.

போன வாரம் ஒரு வேன் அந்த முனையில் தெருவுக்குள் திரும்ப முயன்றது. தாழ்ப்பாள் நடுத்தெருவில் நின்று அதன் முன்பக்கத்தில் கையை வைத்தாள்.

"உள்ள யாரு?"

"வெங்காய மூட்டைம்மா" என்றான் டிரைவர்.

"திற. வெங்காயத்தைப் பாக்கணும்."