வாபஸ் வாங்காத குரல்

என் வீட்டுக்காரர் பார்லிமென்ட் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னபோது நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்குவதை நிறுத்தவில்லை. முந்தின வருடம்தான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் செயலாளர் பதவிக்கு நின்று தோற்றிருந்தார். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவர் வானம் ஏறி வைகுண்டம் போகிறாராம் என்று கத்தரிக்காயிடம் சொன்னேன். அவருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்கு வந்து, சுபேதார் மேஜராக ஓய்வு பெற்று, இந்த மராட்டி ஊரின் வானவடியில் ஃப்ளாட் வாங்கி இங்கேயே தங்கிவிட்டவர் அவர். பரேடு மைதானத்தில் கத்திக் கத்தி முற்றிய குரல். மூன்றாம் மாடியிலிருந்து பேசினால் கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நிற்பார். சுயேச்சை வேட்பாளரான அவருக்கு அந்தக் குரலை விட்டால் வேறு கட்சி கிடையாது.

கொள்கை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. குழாயில் தண்ணீர் வராத ஊரில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி தரக்கூடாது. எங்கள் சொசைட்டி வருடம் முழுக்க டேங்கர் தண்ணீரில் ஓடுகிறது, அதனால் அந்த எண்ணம் வந்தது. ஜெயித்துப் போகிற எம்.பி. வருடத்தில் பாதி நாள் தொகுதியில் குடியிருக்க வேண்டும். அப்புறம், ஒலிபெருக்கிக்கு நாடு முழுவதற்கும் ஒரே கறாரான சட்டம். இந்தக் கடைசிக் கொள்கையைத்தான் அவர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் சொல்ல வைத்தார். நான் சிரித்தேன். அவர் கோபித்துக்கொண்டார்.

ஆட்டோ போதாதென்று தொலைபேசிப் பிரச்சாரமும் உண்டு. அவர் குரலைப் பதிந்து, தினமும் மதியம் வாக்காளர்களுக்கு அழைப்பு போகும்படி ஒரு மராட்டிக்காரர் ஏற்பாடு செய்தார். பதிவு எங்கள் படுக்கையறையிலேயே நடந்தது. ஜன்னலில் ரஜாய் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டு, ஹிந்தியிலும் மராட்டியிலும் பேசி முடித்தார். தமிழ்க் குடும்பங்களுக்காகக் கடைசியில் தமிழ். அதற்குள் சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. நான் கரண்டியோடு வாசற்படியில் போய் நின்றேன். "என் சின்னம் என்னன்னு சீக்கிரமே சொல்றேன், நன்றி, வணக்கம்" என்று முடித்தவர், அதே மூச்சில் என்னைப் பார்த்து, "இந்தா, தட்டு போடு, இதோ வந்துட்டேன்" என்றார்.

மராட்டிக்காரருக்குத் தமிழ் தெரியாது. பேச்சு எங்கே முடிகிறது என்று அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? கடைசி வரியில்தான் உணர்ச்சி அதிகமாக இருந்தது என்று முழுவதையும் அப்படியே அனுப்பிவிட்டார். தினமும் முதல் அழைப்பு சோதனைக்காக வேட்பாளரின் செல்போனுக்கே வரும்படி வைத்திருந்தார்கள். இவர் 'வணக்கம்' வரைக்கும் கேட்டுத் திருப்தியோடு கட் பண்ணிவிடுவார். வால் இருப்பது தெரியவே தெரியாது.

ஊரின் மறுகோடியில் விமான் நகரில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்திதான் எங்களுக்குச் சொன்னாள். ஐ.டி. கம்பெனியில் வேலை. தமிழ்ச் சங்கப் பொங்கலில் பழக்கம்.

"ஏனுங்கக்கா, உங்க வீட்டுக்காரர் டெய்லி போன் பண்ணி எங்களைத் தட்டு போடச் சொல்றாருங்களே, எப்ப வர்றாருங்க?"

எனக்கு மானம் போயிற்று. மராட்டிக்காரரிடம் சொல்லி மாற்றுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

"இருக்கட்டும்மா. மத்த வாக்குறுதி எப்படியோ, அதையாவது நிறைவேத்துவேன்."

அந்த இருமல் நிற்கவில்லை. தீபாவளியிலிருந்தே தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. பேசிப் பேசித் தேய்ந்துவிட்டது என்று அதிமதுரத்தை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டிருந்தார். மனுத் தாக்கல் செய்த மறுநாள் நான்தான் சண்டை போட்டு ராணுவ மருத்துவமனைக்கு இழுத்துப்போனேன். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார், சதை எடுத்துச் சோதித்தார். நாலு நாளில் முடிவு வந்ததும், குரல்வளை முழுவதையும் எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆளே இருக்கமாட்டார் என்றார். பேச்சு போகும். கழுத்தில் போடும் ஓட்டை வழியாக மூச்சு விடவேண்டும்.

"எலெக்‌ஷன் வரைக்கும் தள்ளலாமா, சார்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் ஆபரேஷன் தேதியை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் சொன்னேன்.

"ஓட்டுப் போடறவங்க நாளைக்கு உங்களுக்கு வாய்க்கரிசி போட வருவாங்களா?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். மறுநாள் இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் மனுவை வாபஸ் வாங்கிவிட்டு வந்தார். "மீசையை எடுத்துட்ட மாதிரி இருக்கு" என்றார். சின்னம் கொடுப்பதற்கு முன்பே வேட்பாளர் வேலை முடிந்தது.

ஆபரேஷன் அன்று தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று குனிந்தேன்.

"போனை சார்ஜ்ல போட்டியா?"

போட்டிருந்தேன். வீட்டில், சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில். அந்தக் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் அவருடைய செல்போன் அடித்தது. உறவுக்காரர்களாக இருக்கும் என்று எடுத்தேன்.

"வணக்கம். நான் உங்க வேட்பாளர் பேசறேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றேன். மருத்துவமனைக் கட்டிலில் கழுத்தில் குழாயோடு கிடக்கும் மனுஷன் என் காதில் கணீரென்று பேசுகிறார். தண்ணீரைப் பற்றிப் பேசினார். தொகுதியில் குடியிருப்பேன் என்றார். சின்னத்தைச் சீக்கிரமே சொல்கிறேன் என்றார். வணக்கம் சொன்னார். பிறகு வேட்பாளர் குரல் போய், வீட்டுக் குரலில், "இந்தா, தட்டு போடு, இதோ வந்துட்டேன்" என்றார்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஆட்டோவை நிறுத்தினோமே, போனை நிறுத்தச் சொல்லவேயில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. மராட்டிக்காரரை அழைத்தேன். ஆகட்டும் என்றார். ஆனால் அவருக்குத் தேர்தல் நேரம், மற்ற வேட்பாளர்களின் குரல்கள் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அடுத்த வாரம் விமான் நகர்ப் பெண் அழைத்தாள். விஷயம் தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, இன்னும் போன் வருதுங்க. ஞாயித்துக்கிழமை விளையாட்டுக்கு ஒரு தட்டு வெச்சோம். அப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. எடுத்துட்டேன்."

தேர்தல் முடிந்த பிறகு ஊருக்குப் போன அழைப்புகள் நின்றன. எங்கள் வீட்டுக்கு மட்டும் நிற்கவில்லை.

அவர் வீடு திரும்பிய அன்று மதியமும் அடித்தது. நான் ஓடிப் போய் கட் பண்ணப் பார்த்தேன். அவர் கையை நீட்டி வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். மூக்கில் குழாய், கழுத்தில் துணி. முடிந்ததும் குழந்தைகள் எழுதி அழிக்கும் பிளாஸ்டிக் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார்.

நல்லாப் பேசறான்.

யாரையோ சொல்வதுபோல இருந்தது.

அதிலிருந்து மதியமானால் மேஜையருகே வந்து காத்திருப்பார். போன் பேசும், இவர் கேட்பார். எம்.பி. தொகுதியில் குடியிருக்க வேண்டும் என்று வந்தால் தலையாட்டுவார். தண்ணீர்ப் பேச்சு வந்தால் ஸ்லேட்டில் 'நடக்காது' என்று எழுதுவார். ஒலிபெருக்கிச் சட்டத்துக்கு அவர் தோள் குலுங்கும், கழுத்து ஓட்டையில் புஸ் புஸ் என்று காற்று வரும். மூச்சுத் திணறுகிறார் என்று முதல் நாள் நர்ஸுக்குப் போன் பண்ணப் போனேன். அது சிரிப்பு.

கடைசி வரி வரும்போது மட்டும் அவர் போனைப் பார்க்கமாட்டார். வாசல் கதவைப் பார்ப்பார். யாரோ லிஃப்டிலிருந்து இறங்கி நடந்து வருவதைப் போல, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் காத்திருப்பார். நாளாக ஆக நானும் கதவைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு நாள் அந்த வேளைக்கு வாசல் மணியடித்தபோது என் கையிலிருந்த டம்ளர் விழுந்துவிட்டது. வந்தது கூரியர்காரர்.

எனக்கு எதில் பயம் என்று எனக்கே தெளிவாகத் தெரிந்தது. அசல் மனுஷன் வெளியில் திரிகிறார், நான் வேறு யாரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றத் தொடங்கிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவரைப் பார்த்து அப்படி நினைப்பது எவ்வளவு பெரிய பாவம். அவரும் அப்படியே நினைக்கிறாரோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

மராட்டிக்காரரைப் பிடித்து உலுக்கினேன். "காகூ, மைனே தோ சப் பந்த் கர் தியா" என்று சித்தி முறை வைத்துக் கூப்பிட்டுச் சத்தியம் செய்தார், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாராம். தேடிப் பார்த்துவிட்டு மாலையில் அழைத்தார். சோதனைக்காகப் போட்ட எண் தனியாக ஓடிக்கொண்டிருந்ததாம், அதை மறந்துவிட்டாராம். நாளைக்கு ஒருமுறை வரும், அதோடு சரி என்றார்.

மறுநாள்தான் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு முதன்முதலாக வாயால் சாப்பாடு. சாதத்தைக் குழையவிட்டு, ரசம் விட்டு மசித்து அவர் முன்னால் வைத்தேன். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னைக்கோட கடைசி. இனிமே வராதாம்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். குரல் தண்ணீரைச் சொன்னது, சின்னத்தைச் சொல்கிறேன் என்றது, வணக்கம் சொன்னது.

"இந்தா, தட்டு போடு, இதோ வந்துட்டேன்."

போன் அணைந்தது. இவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்லேட்டை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினார்.

அவனுக்கும் ஒரு தட்டு போடு.

எனக்குக் கோபம் வந்தது. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு தட்டு எடுத்து, எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்து, சாதம் போட்டு ரசம் விட்டேன். ஆவி வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தன் தட்டை அப்படியே விட்டுவிட்டு, மெதுவாகச் சுற்றி வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வாயாக, விழுங்க முடியாமல் விழுங்கி, தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்லேட்டை அழித்தார்.

வந்துட்டேன் என்று எழுதினார்.