ஆரோக்கியத்தின் பெயின்ட் டப்பா

செய்தி வந்தபோது நான் செம்பட்டி ரோட்டில் கட்டிக்கொண்டிருக்கும் கல்யாண மண்டபத்தின் கூரைக்கு அடியில் நின்றிருந்தேன். எதிரே மண்டபத்து முதலாளி. அவருக்குப் பின்னால் சுத்தியலும் கையுமாகச் சென்ட்ரிங் ஆட்கள். போனில் ஆரோக்கியத்தின் மனைவி பிலோமினா. "அண்ணே, உங்க மாப்ள போயிட்டாருண்ணே" என்றாள். போனை எப்போது பையில் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்குக் கை வரவில்லை. நாங்கள் இருவரும் ஒரே கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர்கள். அவன் என்னை மாப்ள என்பான், நானும் அவனை மாப்ள என்பேன். "ரெண்டு பேருமே எப்படி மாப்பிள்ளை ஆக முடியும்?" என்று பிலோமினா கேட்டால், "பொண்ணு குடுத்தவன் எவனாச்சும் சண்டைக்கு வந்தானா? விடு" என்பான்.

அவனோடு சைட்டில் வேலை பார்த்த உங்களில் அவனிடம் ஏச்சு வாங்காதவர்கள் யார் இருக்கிறீர்கள்? கலவையில் தண்ணீர் கூடிவிட்டால் சட்டியை எட்டி உதைப்பான். சாப்பாட்டு நேரத்தில் அதே சித்தாள் அக்காமாரிடம் போய், "இன்னைக்கு என்னக்கா வெஞ்சனம்?" என்று தட்டை நீட்டுவான். "போய்யா, அந்தக் கலவையவே அள்ளித் தின்னு" என்று வைதுகொண்டே அவர்கள் கத்திரிக்காயை அள்ளி வைப்பார்கள். வெட்கமே இல்லாமல் இன்னொரு கரண்டி கேட்பான்.

கட்டி முடித்த எந்த வீட்டுக்கும் அவன் பால் காய்ச்சப் போனதில்லை. ஒருமுறை வீட்டுக்காரர் வேட்டி, சட்டை எடுத்து வைத்து அழைத்தும் போகவில்லை. "பால் காச்சுற வரைக்கும் அது நம்ம வீடு மாப்ள. காச்சிட்டா அவுக வீடு. அவுக வீட்ல நமக்கு என்ன சோலி?" என்றான். அன்றைக்கு எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது.

கூரைக்குக் கான்கிரீட் போட்டால், அது இறுகும் வரை அடியில் முட்டுக் கம்புகள்தான் தாங்கி நிற்கும். அவற்றைப் பிரிக்கிற அன்று ஆரோக்கியம் முட்டுகளைத் தட்டுகிற சென்ட்ரிங் ஆட்களைத் தவிர மற்ற எல்லாரையும் வெளியே விரட்டிவிட்டு, ஓரத்து முட்டுகள் தட்டப்படும்போது, ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு நடுவில் உட்கார்ந்துகொள்வான். "நான் போட்ட காங்கிரீட்டு. விழுந்தா என் மேல விழட்டும்" என்பான். லூசுப் பயலே என்று நான் வெளியே நின்று திட்டிக்கொண்டிருப்பேன்.

ஆனால் தொப்பம்பட்டியில் ஒரு குடோன் கட்டியபோது அதே டப்பாவை வேறு விதமாகப் போட்டான். இறுகாத கூரை. முட்டுகளைப் பிரித்தே ஆக வேண்டும் என்று குடோன்காரர் ஆட்களோடு வந்து நின்றார். இவன் நடுவில் போய் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தான். "ஏனுங்க, கொஞ்சம் எந்திரிங்க. ஆளுக சும்மா நிக்கறாங்கல்லங்க" என்றார் அவர். "நான் எந்திரிச்சுருவேன்ங்க. இது விழுந்தா அடியில கிடக்குறவன் எந்திரிப்பானா?" என்றான் இவன். மனிதன் உட்கார்ந்திருக்கும்போது எந்தச் சென்ட்ரிங்காரன் முட்டுகளைத் தட்டுவான்? பொழுது சாய, அவர்கள் திரும்பிப் போனார்கள்.

இந்த மண்டபக் கூரை அதைவிடப் பெரியது. நடுவில் தூணே கிடையாது. இன்னும் இறுகாத பச்சைக் கான்கிரீட். முதலாளியும் கெட்டவர் இல்லை. இதில் முதல் கல்யாணம் அவர் மகளுக்கு, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. பூச வேண்டும், தரை போட வேண்டும், அதற்கு முட்டுகளை உடனே பிரிக்க வேண்டும், அவருக்கும் தூக்கமில்லை. வரைபடம் போட்ட இஞ்சினியருக்குப் போன் செய்தால், "பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார். கான்ட்ராக்டரோ முதலாளி சொல்வதுதான் சட்டம் என்கிறார். குறுக்கே நின்றவன் ஆரோக்கியம் ஒருவன்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போதுகூட என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நான் வார வரைக்கும் ஒரு முட்டுக் கம்பையும் தொட விடாத மாப்ள" என்றான். சரி என்றேன். திரும்பி வருவான் என்றுதானே சொன்னேன்!

பிலோமினாவின் போனுக்குப் பிறகு முதலாளி தோளில் இருந்த துண்டை எடுத்தார். அவர் கண்ணிலும் தண்ணீர். "நல்ல மனுசன். நீங்க அவரு ஊருக்கு, ஆத்தூருக்குக் கிளம்புங்க, என் காரை எடுத்துட்டுப் போங்க. அடக்கம் முடிஞ்சு மெதுவா வாங்க. இங்க நான் பாத்துக்கிறேன்" என்றார். சென்ட்ரிங் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் கையில் சுத்தியல் அப்படியே இருந்தது. நான் போகவில்லை.

மறுநாள் ஆத்தூரில் அடக்கம். நான் மண்டபத்தில் அவன் டப்பாவில் உட்கார்ந்திருந்தேன். பிலோமினா போன் செய்தாள். "எங்கண்ணே இருக்கீக? பெட்டிய மூடப் போறாக." பின்னால் மாதா கோயில் மணி கேட்டது. "மண்டபத்துல" என்றேன். "அவரு போற அன்னைக்குமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கூரைக்கு அடியில் உட்கார்ந்தபடியே வாய்விட்டு அழுதேன். கூட்டாளி சாவுக்கு வராதவன் மனுசனா என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. பேசுங்கள். அவன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்காத பாவி நான்தான்.

பிறகு ஒருநாள் பிலோமினா அவன் தூக்குவாளியையும் செருப்பையும் எடுத்துப் போக மண்டபத்துக்கு வந்தாள். காடு மாதிரி நிற்கும் முட்டுகளை அண்ணாந்து பார்த்தாள். "இதுக்காண்ணே வரல?" என்றாள். ஆமாம் என்றேன். டப்பாவைக் காட்டி, அதையும் எடுத்துப் போகச் சொன்னேன். "அது இங்கயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இன்று மதியம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, வேறு சூப்பர்வைசர் பார்த்தாகிவிட்டது, நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெளியூரிலிருந்து புதுச் சென்ட்ரிங் ஆட்கள் நாளைக் காலையில் வருகிறார்களாம். அவர்களுக்கு ஆரோக்கியத்தையும் தெரியாது, என்னையும் தெரியாது. அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். முட்டுகளைத் தட்டுகிறவன் நிற்பதும் அதே கூரைக்கு அடியில்தான். நான் ஒருவன் உட்கார்ந்தால் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள். என்னால் தனியாக முடியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முடியாது.

அவனுக்காகப் போஸ்டர் அடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். மாலையும் வேண்டாம். அவனிடம் ஏச்சு வாங்கியவர்கள், அவன் தட்டில் வெஞ்சனம் வைத்தவர்கள், எல்லாரும் நாளை விடிந்ததும் செம்பட்டி ரோட்டு மண்டபத்துக்கு வாருங்கள். நான் முன்னதாகவே போய் உள்ளே இருப்பேன். அவனுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயின்ட் டப்பா ஒன்றுதான். அதில் ஒரு ஆள்தான் உட்காரலாம். வரும்போது நீங்களும் உட்கார ஏதாவது எடுத்து வாருங்கள்.