அணைக்காத சர்வர்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைத்த பிறகும் தம்பிதான். கம்ப்யூட்டர் அறை அவர் பொறுப்பு. அங்கே லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு சர்வரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். புற்றுநோயாளிகளில் யாருக்கு எங்கே, எவ்வளவு கதிர் பாய்ச்ச வேண்டும் என்று அது சொன்னால்தான் கீழ்த்தளத்து மெஷின் அசையும். வாங்கி வைத்த நாளிலிருந்து அதை ஒரு தடவைகூட அணைத்ததில்லை என்று பெருமை வேறு. பிள்ளைகளைக்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று மனைவி இடித்துக் காட்டுவாள். சிரித்து மழுப்பிவிடுவார்.

அன்று சுவிட்ச்போர்டு மாற்ற வந்த எலெக்ட்ரீஷியன் தவறான மெயினை இறக்கிவிட்டார். கரண்ட் திரும்பியது. சர்வர் திரும்பவில்லை. திரையில் லினக்ஸின் மையமான கெர்னலில் பிழை என்று வந்து அப்படியே உறைந்து நின்றது. கீழே, முகத்தில் சிகிச்சை முகமூடி மாட்டிப் படுத்திருந்தது பஸ் டிரைவரான அவருடைய சொந்த அண்ணன். தொண்டையில் கட்டி. பாதிச் சிகிச்சையில் இருக்கும்போது இடைவெளி விடக்கூடாது என்று டாக்டர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பென் டிரைவில் இருந்த இன்னொரு லினக்ஸை ஏற்றி, அதன் வழியாக உள்ளே புகுந்து பூட் பார்ட்டிஷனைத் திறந்தார். கம்ப்யூட்டர் கண் விழிக்கத் தேவையான கெர்னல் இருக்கும் சின்ன இடம் அது. அங்கே கெர்னல் ஒன்றுதான் இருந்தது. அதுவும் பாதி எழுதியது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன வாரம் கெர்னல் அப்டேட் இடமில்லை என்று நடுவில் நின்றது. பழைய கெர்னல்களை இவரே கையால் அழித்தார். மறுபடி அப்டேட்டை ஓட்டப் போகும்போது போன் வந்தது. அதோடு மறந்தே போனார். ஓடிக்கொண்டிருந்த சர்வர் நினைவகத்தில் இருந்த பழையதை வைத்தே ஓடியது. ஒரு முறை அணைத்து ஏற்றியிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். அணைக்காத பெருமைதான் கழுத்தை அறுத்தது.

பிறகு மீதிக் குப்பையை நீக்கி, கெர்னலைப் புதிதாக நிறுவினார். சர்வர் எழுந்தது. கீழே மெஷினும் அசைந்தது.

சிகிச்சை முடிந்து வெளியே வந்த அண்ணன், காத்திருந்தவர்கள் முன்னால் கரகரத்த குரலில் தம்பியைப் புகழ்ந்து தள்ளினார். தம்பி இல்லையென்றால் இன்று யாருக்கும் வைத்தியம் நடந்திருக்காதாம். தம்பிக்கு நெருப்பில் நிற்பதுபோல் இருந்தது. அண்ணனைத் தனியே இழுத்துப் போனார்.

"அண்ணா, அதைக் கெடுத்ததே நான்தான்."

"உன் மூஞ்சியப் பார்த்ததுமே தெரிஞ்சுதுடா. யாரும் உன்னைக் கேக்கக் கூடாதுன்னுதான் முந்திக்கிட்டேன்."

அண்ணன் ஒரு மிடறு தண்ணீரைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"அத விடு. நாளைக்கும் நான் படுக்கணும். நாளைக்கு ஓடுமா?"

ஓடும் என்று சொல்ல வாயெடுத்தார். அணைத்து ஏற்றிப் பார்க்காமல் அதை எப்படிச் சொல்வது? கடைசி நோயாளி முடிந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு மாடியேறி, அந்தச் சர்வரை முதன்முறையாகத் தானே அணைத்தார்.